கைதிகளை நாடு மாற்றும் ஒப்பந்தத்தில் நாடாளுமன்றத்துக்கு என்ன வேலை? லிபியா ஒப்பந்தத்தை வைத்து ஒரு பதில்

கேள்வி இது: "வெளிநாட்டில் தண்டனை பெற்ற ஒருவரை, மீதித் தண்டனையை அனுபவிக்கச் சொந்த நாட்டுச் சிறைக்கு அனுப்புவது நல்ல காரியம்தானே? இரண்டு அரசுகள் பேசி முடித்துக்கொண்டால் போதாதா? இதை நாடாளுமன்றம் எதற்கு ஆராய வேண்டும்? ஆராய்ந்தால் என்ன மாறிவிடும்?"

நல்ல காரியம்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மொழி தெரியாத ஊரில், மனு எழுதித் தர ஆளில்லாமல், வருஷத்துக்கு ஒரு தடவைகூடக் குடும்பத்தைப் பார்க்க முடியாமல் பத்துப் பதினைந்து வருடம் கிடப்பவருக்கு இந்த ஒப்பந்தம் பெரிய உதவி. ஆனால் நல்ல காரியம் என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிற ஒப்பந்தத்தைத்தான் யாரும் சரியாகப் படிப்பதில்லை. படிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான உதாரணம் பிரிட்டன் லிபியாவோடு செய்த ஒப்பந்தம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆளை ஒப்படைப்பது வேறு, கைதியை மாற்றுவது வேறு. ஒப்படைப்பு என்பது வழக்கு நடத்துவதற்காகவோ, தண்டனையிலிருந்து தப்பி ஓடியவரைப் பிடிப்பதற்காகவோ செய்வது. இங்கே நாம் பேசுவது வழக்கு முடிந்து, தீர்ப்பு இறுதியாகி, சிறையில் இருப்பவரைப் பற்றி. அந்த 'தீர்ப்பு இறுதியாகி' என்கிற இரண்டு சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1988 டிசம்பர் 21-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 103-ஆம் எண் விமானம் குண்டு வெடித்துச் சிதறியது. விமானத்தில் இருந்த 259 பேரும் தரையில் இருந்த 11 பேரும், மொத்தம் 270 பேர் இறந்தார்கள். லிபியாவைச் சேர்ந்த இருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. லிபியா அவர்களை ஒப்படைக்க மறுத்தது, பல வருட இழுபறி, கடைசியில் நெதர்லாந்தில் கேம்ப் ஸைஸ்ட் என்ற இடத்தில் ஸ்காட்லாந்துச் சட்டப்படி, ஸ்காட்லாந்து நீதிபதிகளை வைத்தே வழக்கு நடத்துவது என்று முடிவாயிற்று. அந்த ஏற்பாட்டுக்காக 1998 ஆகஸ்டில் பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து ஐ.நா. பொதுச் செயலருக்கு ஒரு கடிதம் எழுதின. குற்றம் நிரூபணமானால் தண்டனையை பிரிட்டனில்தான் அனுபவிக்க வேண்டும் என்பது அதில் இருந்தது. 2001 ஜனவரி 31-இல் ஒருவர் விடுதலையானார். இன்னொருவரான அப்தெல்பாசெத் அல் மெக்ராஹிக்கு ஆயுள் தண்டனை. குறைந்தது 27 வருடம் உள்ளே இருக்க வேண்டும் என்று 2003-இல் நிர்ணயித்தார்கள்.

இப்போது 2007 மே மாதத்துக்கு வருவோம். பிரதமர் டோனி பிளேர் பதவியை விட்டு இறங்கச் சில வாரங்களே இருக்கும்போது லிபியா போய் அந்நாட்டுத் தலைவர் கடாஃபியைச் சந்தித்தார். அந்தப் பயணத்தில் இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, பிபி எண்ணெய் நிறுவனத்துக்கும் லிபியாவுக்கும் இடையில் சுமார் 90 கோடி டாலர் மதிப்புள்ள எண்ணெய், எரிவாயுத் தேடல் ஒப்பந்தம். இன்னொன்று, கைதிகள் மாற்றம் உள்ளிட்ட நீதித் துறை ஒப்பந்தங்களைப் பேசி முடிப்போம் என்கிற புரிந்துணர்வு ஒப்பந்தம். ஸ்காட்லாந்தில் சிறையும் நீதியும் அந்த மாநில அரசின் கையில், வெளியுறவு லண்டன் கையில். கைதி இருப்பது ஸ்காட்லாந்துச் சிறையில், அவரை அனுப்பலாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் ஸ்காட்லாந்து நீதி அமைச்சர், ஆனால் ஒப்பந்தத்தைப் பேசியது லண்டன், அதுவும் ஸ்காட்லாந்தைக் கேட்காமல். அப்போதுதான் முதலமைச்சராகியிருந்த அலெக்ஸ் சால்மண்ட் ஜூன் 7-ஆம் தேதி ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்திலேயே எழுந்து இதை எதிர்த்துப் பேசினார். ஸ்காட்லாந்துச் சிறையில் அப்போது இருந்த லிபியர் மெக்ராஹி ஒருவர்தான் என்பதால், 'பொதுவான ஒப்பந்தம்' என்ற பேச்சு அங்கே யாரிடமும் எடுபடவில்லை.

லண்டனில் பிரிட்டன் அரசின் நீதி அமைச்சராக இருந்த ஜாக் ஸ்ட்ரா முதலில் மெக்ராஹியை ஒப்பந்தத்திலிருந்து விலக்கி வைக்கத்தான் முயன்றார். லிபியா ஒத்துக்கொள்ளவில்லை. 2007 டிசம்பரில் ஸ்காட்லாந்து நீதி அமைச்சர் கென்னி மக்காஸ்கில்லுக்கு ஸ்ட்ரா கடிதம் எழுதினார்: நாட்டின் மேலான நலன்களைக் கருதி, தனி விலக்கு எதுவும் இல்லாத பொது ஒப்பந்தமாகவே வைத்துக்கொள்கிறோம் என்று. அடுத்த மாதமே லிபியா பிபி ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தியது. வணிகம் இதில் பெரிய பங்கு வகித்தது என்று ஸ்ட்ராவே பின்னாளில் ஒரு பேட்டியில் ஒத்துக்கொண்டார். வணிகத்துக்காகப் பேரம் பேசுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை, அரசுகள் எல்லாம் அப்படித்தான் பேசும். ஆனால் அந்தக் கடிதப் போக்குவரத்து நடந்த நாட்களில் அதில் ஒரு வரியைக்கூட பிரிட்டன் நாடாளுமன்றம் பார்க்கவில்லை. அந்தக் கடிதங்கள் 2009 செப்டம்பரில்தான் வெளியே வந்தன. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நாடாளுமன்றத்துக்கு எப்போது வந்தது? 2008 நவம்பரில் கையெழுத்து. 2009 ஜனவரி 27-இல் அவையில் வைத்தார்கள். அன்றைக்கு பிரிட்டனில் இருந்தது பொன்சன்பி விதி என்ற பழைய மரபு. 1924-இல் வெளியுறவுத் துணை அமைச்சராக இருந்த ஆர்தர் பொன்சன்பி, கையெழுத்தான ஒப்பந்தங்களை 21 நாட்கள் அவையில் வைத்த பிறகே உறுதிப்படுத்துவோம் என்று சொன்ன வாக்குறுதி அது. சட்டம் இல்லை, வாக்குறுதிதான். அவையில் 'வைப்பது' என்றால் பலர் அங்கே விவாதம் நடக்கும் என்று நினைக்கிறார்கள். நடக்காது. பிரதி ஒன்று அவைக்குப் போகும், கூடவே ஒரு விளக்கக் குறிப்பு போகும், நாட்கள் ஓடும். யாராவது எடுத்துப் படித்து, சத்தம் போட்டு, அரசு மனது வைத்து நேரம் ஒதுக்கினால்தான் பேச்சே.

இந்த முறை ஒரு குழு எடுத்துப் படித்தது. இரு அவைகளுக்கும் பொதுவான மனித உரிமைக் கூட்டுக்குழு, தலைவர் ஆண்ட்ரூ டிஸ்மோர். அவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை, ஆளும் தொழிற்கட்சி உறுப்பினர். லிபியச் சிறைகளின் நிலை, கைதிகளின் உரிமை இதையெல்லாம் விசாரிக்க வேண்டும், சாட்சிகளைக் கேட்க வேண்டும், அதுவரை உறுதிப்படுத்தாதீர்கள் என்று குழு கேட்டது. ஸ்ட்ராவின் பதில்: ஏப்ரலைத் தாண்டித் தாமதித்தால் நமக்கு இந்த ஒப்பந்தங்களில் உண்மையான ஈடுபாடு இருக்கிறதா என்று லிபியா கேட்கும். குழு கேட்ட அவகாசம் கிடைக்கவில்லை. ஏப்ரல் 29-ஆம் தேதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. மே 5-ஆம் தேதி, ஒரு வாரம்கூட ஆகவில்லை, மெக்ராஹியை அனுப்பச் சொல்லி லிபியா விண்ணப்பித்தது.

சரி, அவகாசம் கிடைத்திருந்தால் குழு என்ன கேட்டிருக்கும்? எனக்குத் தோன்றுகிற முதல் கேள்வி, 1998-இல் ஐ.நா.வுக்கு எழுதிய கடிதம் என்ன ஆயிற்று என்பதுதான். தண்டனை பிரிட்டனில்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த ஆளையே உள்ளடக்கும்படி மாற்ற ஒப்பந்தம் எப்படிச் செய்தீர்கள்? அமெரிக்காவுக்கு வாய்மொழியாக என்ன உறுதி கொடுத்தீர்கள்? ஒரு குழுவின் முன் அமைச்சரை உட்காரவைத்து இதைக் கேட்டால் அவர் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும், சொன்னது பதிவாகும்.

அப்படிக் கேட்கப்படாத கேள்வி காணாமல் போய்விடவில்லை. நான்கு மாதம் கழித்து மக்காஸ்கில்லின் மேசைக்கு வந்தது. லிபியாவின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது, அமெரிக்க அரசும் இறந்தவர்களின் குடும்பத்தினரும், அவர் ஸ்காட்லாந்தில்தான் தண்டனை அனுபவிப்பார் என்று எங்களுக்கு உறுதி சொன்னார்கள் என்றார்கள். மக்காஸ்கில் லண்டனைக் கேட்டார். முழு விளக்கம் தர லண்டன் மறுத்துவிட்டது. அதை அவர் 2009 ஆகஸ்ட் 20 அன்று தன் அறிக்கையிலேயே வெளிப்படையாகச் சொல்லி, அந்தக் காரணத்தால் ஒப்பந்தத்தின் கீழ் வந்த விண்ணப்பத்தை நிராகரித்தார். அதே நாளில், புற்றுநோய் முற்றியிருந்த மெக்ராஹியைக் கருணை அடிப்படையில் விடுதலை செய்தார். அது வேறு சட்டம், வேறு வழி. பலர் இன்றைக்கும் அவர் கைதி மாற்ற ஒப்பந்தத்தில் போனார் என்று எழுதுகிறார்கள், அது தவறு. ஒரே ஆளை மனதில் வைத்து இரண்டு வருடம் பேசிய ஒப்பந்தம் அந்த ஆளுக்கே பயன்படவில்லை.

ஆனால் பாதிப்பு மட்டும் அவர் மேல் விழுந்தது. 'தீர்ப்பு இறுதியாகி' என்பதை நினைவில் வைக்கச் சொன்னேன் இல்லையா, அது இங்கேதான் வருகிறது. இந்த வகை ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும் ஒரு நிபந்தனை இருக்கும்: வழக்கு எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தால் மாற்ற முடியாது. காகிதத்தில் பார்த்தால் நியாயமான நிபந்தனை. மெக்ராஹிக்கு என்ன ஆயிற்று பாருங்கள். அவருடைய தண்டனையில் நீதி பிறழ்ந்திருக்கலாம் என்று ஸ்காட்லாந்தின் குற்ற வழக்கு மறு ஆய்வு ஆணையம் 2007 ஜூனில் ஆறு காரணங்களைச் சொல்லி நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அந்த இரண்டாவது மேல்முறையீடு 2009 ஏப்ரல் 28-இல் நீதிமன்றத்தில் தொடங்கியது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது மறுநாள். ஒரு கதவு 'நான் குற்றவாளி இல்லை என்று நிரூபிக்கிறேன்' என்று சொல்வதற்கு, இன்னொரு கதவு 'வீட்டுக்குப் போகிறேன்' என்று சொல்வதற்கு. இரண்டும் ஒரே வாரத்தில் திறந்தன, ஒன்றில் நுழைந்தால் இன்னொன்று மூடிக்கொள்ளும். சாகப்போகிற மனிதர் எதை எடுப்பார்? ஆகஸ்டில் அவர் மேல்முறையீட்டைக் கைவிட்டார். கருணை விடுதலைக்கு அதைக் கைவிட வேண்டிய கட்டாயமே இல்லை, மாற்ற ஒப்பந்தத்துக்குத்தான் தேவை. எந்த வழி திறக்கும் என்று தெரியாத நிலையில் கைவிட்டார், கடைசியில் அந்த வழி திறக்கவும் இல்லை. 2012 மே மாதம் திரிபோலியில் இறந்தார். குடும்பத்தார் நடத்திய மேல்முறையீடு 2021 ஜனவரியில்தான் முடிந்தது, அது தள்ளுபடியாயிற்று. அவர் குற்றவாளியா இல்லையா என்பதில் நான் கருத்துச் சொல்ல வரவில்லை. 270 பேரின் குடும்பங்களும் சரி, அவர் குடும்பமும் சரி, அந்த ஆதாரங்கள் திறந்த நீதிமன்றத்தில் அவர் உயிரோடு இருக்கும்போதே அலசப்படுவதைப் பார்த்திருக்க வேண்டும். லாக்கர்பியில் மகளையோ மகனையோ இழந்த சில பெற்றோரே அந்த மேல்முறையீடு நடக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

இதைத்தான் நான் ஆராய்தல் என்று சொல்கிறேன். ஒரு சாதாரண நிபந்தனை, நிஜ மனிதர் மேல் வைத்துப் பார்த்தால் எப்படி வேலை செய்யும் என்று முன்கூட்டியே கேட்பது. வெளியுறவு அமைச்சக அதிகாரி இதைக் கேட்க மாட்டார், அவர் வேலை ஒப்பந்தத்தை முடிப்பது. கேட்கக்கூடியவர் கையெழுத்தில் பங்கில்லாத ஒருவர்தான்.

பிறகு பிரிட்டன் பாடம் கற்றதா என்றால், பாதி. 2010-இல் வந்த அரசியல் சட்டச் சீர்திருத்த, ஆளுகைச் சட்டம் அந்த 21 நாள் மரபைச் சட்டமாக்கியது. அதற்கான பேச்சு லிபியாவுக்கு முன்பே தொடங்கியது, அதனால் லிபியாவால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். இப்போது கீழவை எதிர்த்துத் தீர்மானம் போட்டால் அரசு உறுதிப்படுத்த முடியாது. அமைச்சர் காரணம் சொல்லி மறுபடி வைக்கலாம், கீழவை மறுபடி 21 நாளுக்குள் எதிர்க்கலாம், இப்படி எத்தனை தடவை வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம். மேலவை மட்டும் எதிர்த்தால் அரசு விளக்கம் கொடுத்துவிட்டு மேலே போகலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவையின் நேரப் பட்டியல் அரசின் கையில் இருக்கிறது, விவாதம் கட்டாயம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அதனால் கீழவை இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி ஓர் ஒப்பந்தத்தைத் தடுத்தது என்ற பேச்சுக்கே இன்றுவரை இடமில்லை. இன்னொரு ஓட்டையும் உண்டு: புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் இந்தச் சட்டத்துக்குள் வரவே வராது. பிளேர் 2007-இல் செய்தது அதுதானே. உண்மையான முடிவு அங்கே எடுக்கப்பட்டது, நாடாளுமன்றத்துக்கு வந்தது அதன் வால்.

ஆஸ்திரேலியாவின் முறை எனக்கு இதைவிடப் பிடிக்கும். 1996-இல் அங்கே ஒப்பந்தங்களுக்கென்றே இரு அவைகளின் கூட்டுக்குழு ஒன்றை நிரந்தரமாக வைத்தார்கள். ஒவ்வொரு ஒப்பந்தத்தோடும் இதனால் நாட்டுக்கு என்ன நன்மை, என்ன செலவு, யாரைக் கலந்தாலோசித்தோம் என்று எழுதிய ஆய்வு அறிக்கையை அரசு தர வேண்டும். குழு பொதுவில் விசாரணை நடத்தும், யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். தாய்லாந்து, சீனா, வியட்நாம் நாடுகளோடு செய்த கைதி மாற்ற ஒப்பந்தங்கள் எல்லாம் இந்தக் குழு வழியாகத்தான் போயின. குழுவால் தடுக்க முடியாது, பரிந்துரை மட்டும்தான். ஆனால் அதிகாரி வந்து உட்கார்ந்து, கேள்விக்குப் பதில் சொல்லி, அது அச்சில் ஏறுகிறது. தடுக்கும் அதிகாரத்தைவிட இந்தப் பதிவுதான் பல நேரம் பயன்படுகிறது என்பது என் எண்ணம்.

இன்னொரு கோடியில் கொசோவோ. டென்மார்க் தன் சிறைகளில் இடம் போதாமல், தண்டனை முடிந்ததும் நாடு கடத்தப்பட வேண்டிய வெளிநாட்டுக் கைதிகளை வைக்க கொசோவோவில் 300 சிறை இடங்களை வாடகைக்கு எடுக்க ஒப்பந்தம் போட்டது. இது சொந்த நாட்டுக்குத் திருப்புவது இல்லை, மூன்றாவது நாட்டுக்கு அனுப்புவது, அந்தக் கைதிக்கு அங்கே யாருமே இல்லை. கொசோவோ அரசியல் சட்டப்படி இந்த மாதிரி ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். கையெழுத்தானது 2022-இல், அந்த வாக்கு கிடைத்தது 2024 மே மாதம். இரண்டு வருடம் ஒப்பந்தம் காத்திருந்தது, அதனால் வானம் இடிந்து விழவில்லை.

இந்தியாவைக் கேட்பீர்கள் என்று தெரியும். இங்கே 2003-இல் நாடாளுமன்றம் கைதிகளைத் தாயகம் அனுப்பும் சட்டத்தை நிறைவேற்றியது. நாடாளுமன்றத்தின் பங்கு ஏறக்குறைய அதோடு முடிந்தது. அப்புறம் எந்த நாட்டோடு, என்ன நிபந்தனையில் என்பதெல்லாம் மத்திய அமைச்சரவை முடிவு. ஒப்பந்தம் ஆனதும் அரசிதழில் அறிவிக்கை வரும். பிரிட்டனோடு 2005-இல், இலங்கையோடு 2010 ஜூனில் என்று ஒவ்வொன்றாக வந்தன. அரசியல் சட்டத்தில் ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது, அதை நடைமுறைப்படுத்தச் சட்டம் தேவைப்பட்டால் மட்டும் 253-ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம் உள்ளே வரும். நிலப்பகுதியை விட்டுக்கொடுப்பதாக இருந்தால் அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று 1960-இல், மேற்கு வங்கத்தின் பேருபாரி பகுதியில் ஒரு பங்கைப் பாகிஸ்தானுக்குத் தருவது பற்றிய விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அது வேறு கதை. ஒரு கைதியின் பத்து வருட வாழ்க்கையைத் தீர்மானிக்கிற ஒப்பந்தத்துக்கு 21 நாள்கூட இங்கே இல்லை. தமிழ்நாடு அரசின் சிறையில் இருப்பவரை அனுப்பும் ஒப்பந்தமாக இருந்தாலும் சட்டமன்றத்துக்கு அதில் இடமில்லை, ஸ்காட்லாந்துக்கு நடந்த அதே கதை.

நல்ல அம்சமும் உண்டு, மறைக்கக் கூடாது. இந்தியச் சட்டப்படி கைதி விரும்பினால்தான் மாற்றம். பிரிட்டன் 2006-இல் தன் சட்டத்தைத் திருத்தி, ஒப்பந்தம் இடம் கொடுத்தால் கைதியின் சம்மதம் இல்லாமலே அனுப்பலாம் என்று ஆக்கியது. அதோடு ஒப்பிட்டால் நம்முடையது மேல். ஆனால் இங்கேயும் வழக்கு நிலுவையில் இருக்கக் கூடாது, மரண தண்டனைக் கைதியாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனைகள் உண்டு.

2014 அக்டோபர் 30-இல் கொழும்பு உயர் நீதிமன்றம் ராமேசுவரம் பகுதி மீனவர்கள் ஐந்து பேருக்குப் போதைப்பொருள் வழக்கில் மரண தண்டனை விதித்தது உங்களுக்கு நினைவிருக்கும். மேல்முறையீடு செய்தார்கள், பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள், நவம்பர் 19-இல் அதிபர் ராஜபக்ச மன்னிப்பில் வெளியே வந்தார்கள். அது மன்னிப்பு, மாற்ற ஒப்பந்தம் இல்லை. ஆனால் 'நாங்கள் செய்யவில்லை' என்று நீதிமன்றத்தில் சொல்லும் உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் வீடு திரும்ப முடியும் என்கிற அதே நிலைதான். அவர்கள் வீடு திரும்பியதில் எனக்குச் சந்தோஷம்தான், அந்த விலையை அவர்கள் கொடுக்க நேர்ந்ததில் இல்லை.

நாடாளுமன்றம் ஆராய்ந்தால் என்ன மாறும் என்று கேட்டீர்கள். இந்த நிபந்தனையையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டை ஒத்திவைத்துவிட்டு ஆளை மாற்றலாம், அங்கிருந்தபடியே காணொளியில் வழக்கைத் தொடரலாம் என்று ஒரு பிரிவைச் சேர்க்க முடியுமா? கைதி சம்மதம் கொடுக்கும்போது வழக்கறிஞர் பக்கத்தில் இருந்தாரா, அவருக்குத் தெரிந்த மொழியில் விளக்கினார்களா? திரும்பி வந்தபின் தண்டனைக் குறைப்பு எந்த நாட்டு விதிப்படி? மன்னிக்கும் அதிகாரம் யாருக்கு? இவை எல்லாம் கையெழுத்துக்கு முன் கேட்டால் பதில் கிடைக்கிற கேள்விகள், கையெழுத்துக்குப் பின் கேட்டால் 'இனி ஒரு வரியையும் மாற்ற முடியாது' என்ற பதில்தான் வரும். இதற்காக அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. வெளியுறவுத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு ஏற்கெனவே இருக்கிறது, ஒவ்வொரு கைதி ஒப்பந்தத்தின் வரைவையும் கையெழுத்துக்கு அறுபது நாள் முன்னால் அதற்கு அனுப்புவோம் என்று அரசு ஒரு வாக்குறுதி கொடுத்தால் போதும், பொன்சன்பி கொடுத்ததும் அப்படி ஒரு வாக்குறுதிதான். உங்கள் தொகுதி உறுப்பினரிடம் மக்களவையில் ஒரு கேள்வி எழுப்பச் சொல்லுங்கள்: இதுவரை எத்தனை நாடுகளோடு ஒப்பந்தம், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள், விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேர் அதற்காக மேல்முறையீட்டைக் கைவிட்டார்கள். கடைசிக் கேள்விக்கான பதிலைத்தான் நான் முதலில் படிப்பேன்.